மேல் நடவடிக்கை தேவையில்லை

ஆணி இரண்டாவது தடவையும் வளைந்தது. தம்பிராஜா அதைப் பிடுங்கி வாசற்படியில் வைத்துத் தட்டி நிமிர்த்தினார். பலகைச் சுவர்தான். ஆனால் அந்த இடத்தில் உள்ளே குறுக்குச் சட்டம் ஓடியது. ஓர் அங்குலம் தள்ளி அடித்தால் ஆணி சத்தமில்லாமல் இறங்கிவிடும். ஆனால் முருகன் படத்துக்கும் மலாயா மாமன்னர் படத்துக்கும் சரிநடுவில் வராது.

கண்ணாடி போட்ட சட்டகத்தை அணைத்துப் பிடித்துக்கொண்டு அவர் மனைவி பூங்காவனம் கால்மணி நேரமாக நின்றிருந்தாள்.

"கொஞ்சம் தள்ளித்தான் அடிங்களேன். நிக்க முடியல."

"நடுவுல வரணும்," என்றார் அவர்.

மூன்றாவது தடவை ஆணி ஏறியது. சட்டகத்துக்குள் இருந்தது சாமியும் இல்லை, ராஜாவும் இல்லை. தட்டச்சு செய்த ஒரு கடிதம். தலைப்பில் சபையின் நீண்ட பெயர் புடைப்பெழுத்தில் அச்சாகியிருந்தது. விரலால் தடவினால் தட்டுப்படும். ஸ்காட்லாந்தில் மோர்மன் என்னும் கிறிஸ்தவச் சபையின் ஊழியத்தை நடத்தும் தலைவர், ஓர் அமெரிக்கர், மலாக்கா காஜா பெராங்கில் குடியிருக்கும் திரு. தம்பிராஜாவுக்கு எழுதியிருந்தார். தங்கள் மகள் சாரதாம்பாள் இங்கே வீடுவீடாகச் சென்று ஊழியம் செய்கிறார். மழையிலும் பனியிலும் அவர் முகம் சுளித்து யாரும் பார்த்ததில்லை. இப்படி ஒரு பெண்ணை வளர்த்த பெற்றோருக்குச் சபையின் வணக்கம். கீழே நீல மையில், கைப்பட, கையெழுத்து. ரப்பர் முத்திரை இல்லை. தம்பிராஜா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அதை உறுதி செய்துகொண்டார்.

அது 1962 மார்ச். ஒரு வருஷத்துக்கும் மேலாக அவர் மகளுக்கு ஒரு வரி எழுதியதில்லை.

தம்பிராஜா கிராணி வேலை, அதாவது குமாஸ்தா வேலை பார்த்தார். வாய்க்கால்களையும் மதகுகளையும் கவனிக்கும் இலாகாவில் இருபத்தேழு வருஷம். அவருடைய அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். மகன் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்ததை ஒரு முறை ஜன்னல் வழியே பார்த்துவிட்டுப் போய்ச் செத்தார். நாற்காலியில் உட்காருகிறவனுக்கு நற்சான்றிதழ் வேண்டும் என்று தம்பிராஜா நம்பினார். நம்பிக்கை வீண் போகவில்லை, ஒரு முறை கிடைத்தது. ஜப்பான்காரன் காலத்தில் ஓர் அதிகாரி, மதகுக் கணக்குகளை ஒழுங்காக வைத்ததற்காக, தூரிகையால் எழுதிச் சிவப்பு முத்திரை குத்திக் கொடுத்தான். வெள்ளைக்காரன் திரும்பி வந்த வாரம் தம்பிராஜா அதை அடுப்பில் போட்டார். அதற்குப் பிறகு பதினைந்து வருஷம் ஓர் ஆங்கில எஞ்சினியரிடம் வேலை பார்த்தார். சுதந்திரத்துக்குப் பின் அவர் ஊருக்குக் கப்பல் ஏறுமுன் சான்றிதழ் தருவதாகச் சொன்னார். புறப்படும் அன்று நாய்ச் சங்கிலி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். நாயை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார். அவர் நாற்காலியில் இப்போது இருபத்தெட்டு வயது மலாய்க்கார அதிகாரி இருந்தார். தம்பிராஜாவை "அங்கிள்" என்று கூப்பிட்டார். அங்கிள் என்று கூப்பிடுகிறவனிடம் சான்றிதழ் கேட்க முடியாது.

சாரதாம்பாள் அவர்களுடைய ஒரே மகள். பூங்காவனம் பெற்றது நான்கு. தங்கியது அவள் ஒருத்தி. சுதந்திரம் கிடைத்த வருஷம், பத்தொன்பது வயதில், தாதி வேலை படிக்க லீட்ஸ் நகரத்துக்குப் போனாள். படிப்பு முடிந்தது. கையில் வேலை வந்தது. அப்போது ஒரு மழை நாளில் இரண்டு அமெரிக்க இளைஞர்கள் அவள் தங்கியிருந்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள். நனைந்து நிற்கிறார்களே என்று திறந்தாளாம். அடுத்த வருஷம் அவளே கதவு தட்டப் போய்விட்டாள். 1961 ஜனவரியிலிருந்து இரண்டு வருஷம், ஸ்காட்லாந்தில், சம்பளம் இல்லாமல், சேர்த்து வைத்த பணத்தில் சாப்பிட்டுக்கொண்டு.

சாமியை மாற்றிக்கொண்டதை அவர் ஒருவாறு பொறுத்துக்கொண்டிருப்பார். மாரியம்மன் கோயில் கமிட்டியில் அவர் செயலாளர். கமிட்டியில் இருக்கிறவனுக்குச் சாமி விஷயத்தில் அதிர்ச்சிகள் குறைவு. சம்பளம் இல்லாத உத்தியோகத்துக்குச் சம்பளம் உள்ள உத்தியோகத்தை ராஜினாமா செய்ததைத்தான் தாங்க முடியவில்லை. அதோடு அங்கே இருபது வயதுப் பையன்களுக்கு மூப்பர் என்று பட்டம். அப்படியானால் முதுநிலைப் பட்டியலுக்கு என்ன மரியாதை?

வாரம் ஒரு கடிதம் வந்தது. தம்பிராஜா அதைப் பிரித்து, பூங்காவனத்துக்கு எழுதப் படிக்கத் தெரியாததால் சத்தமாக வாசிப்பார். குரலில் ஏற்ற இறக்கம் இருக்காது. டெண்டர் அறிவிப்பு வாசிப்பதுபோல் இருக்கும். வாசித்ததும் ஓரத்தில் தேதி போட்டு, 'பார்த்தேன். மேல் நடவடிக்கை தேவையில்லை' என்று எழுதிச் சுருக்குக் கையெழுத்திட்டு, துளை போட்டு, நாடாவில் கோத்துக் கோப்பில் வைப்பார். பதில் போடுவதில்லை. அது கோபம். ஆனால் ஒரு கடிதமும் தொலையவில்லை.

தேநீரும் காப்பியும் சபையில் தடை என்று மகள் எழுதியிருந்தது பூங்காவனத்தைப் பல நாள் வாட்டியது. அந்தக் குளிரில் தேத்தண்ணிகூட இல்லாமல் பிள்ளை எதைக் குடிக்கும் என்று கேட்டாள். சுடுதண்ணீர் என்றார் கணவர். வெறும் சுடுதண்ணீரா என்று கேட்டாள். அவர் கோப்பை நாடாவால் கட்டினார்.

பூங்காவனத்துக்கு வேறொரு கேள்வி இருந்தது. அது வாயில் வராத கேள்வி. ஒரு வருஷமாகவே அவளுக்கு அடி இறங்கியிருந்தது. கர்ப்பப்பை தன் இடத்தைவிட்டு நழுவி, நின்றால், குனிந்தால், குடம் தூக்கினால் வெளியே தள்ளியது. துணியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் ஆம்பிளை டாக்டர் பார்ப்பார் என்று கேள்விப்பட்டிருந்தாள். சாரதா தாதி. சாரதாவிடம் காட்டலாம். சாரதா கூட வந்தால் ஆஸ்பத்திரிக்கும் போகலாம். கடிதத்தில் எழுதச் சொல்ல வேண்டுமானால் கணவரிடம் சொல்ல வேண்டும். அவர் கடிதமே எழுதுவதில்லை. ஆகவே அவள் நாளை எண்ணினாள். டிசம்பரோடு ஊழியம் முடிகிறது. கப்பலில் ஒரு மாசம். மாசியில் மகள் வீட்டில் இருப்பாள்.

விஷயம் தெரிந்தவர் ஒரே ஒருவர், பின் சந்தில், மலாய் பேசும் பழைய தமிழ்ச் செட்டிகள் வாழும் கம்போங் செட்டியில் இருந்த காமாச்சி பீபி. சாரோங் கெபாயாவும் நெற்றியில் திருநீறுமாக வருவார். பெயரில் தமிழ் இருந்தது, பேச்சில் இல்லை. பூங்காவனம் அவரிடம் மலாயில் சொன்னாள். மலாயில் சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை. வெட்கம் தமிழில்தான் இருந்தது.

சட்டகம் ஏறிய மறுவாரமே பார்க்க ஆட்கள் வந்தார்கள். முதலில் ஜாலான் பெண்டஹாராவில் துணிக்கடை வைத்திருந்த சொக்கப்பன். கோயில் கமிட்டியில் பொருளாளர். கிராணி மகள் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்துவிட்டாள் என்று ஊரில் முதலில் சொன்னவரும் அவர்தான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை மேலிருந்து கீழே பார்த்தார். ஆங்கிலம் தெரியாது. புடைப்பெழுத்து தெரிந்தது.

"யாரு கிராணி கையெழுத்து?"

"மேலதிகாரி. அமெரிக்கன்."

சொக்கப்பன் கண்ணாடியைக் கழற்றி மடித்தார். பிறகு அந்தச் சபையில் என்னவெல்லாம் கூடாது என்று விசாரித்தார். சாராயம் கூடாது, சுருட்டு கூடாது, காப்பி கூடாது, தேத்தண்ணி கூடாது என்று தம்பிராஜா விரல் விட்டு எண்ணினார்.

"நம்ம சைவத்தவிட கஷ்டமா இருக்குதேலா. கறி?"

"கறி உண்டு."

"அப்ப நல்ல வேதந்தான்," என்றார் சொக்கப்பன்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் தம்பிராஜாவின் நாற்காலி கோயில் தலைவர் பக்கத்துக்கு நகர்ந்தது. யாரும் நகர்த்தவில்லை, அதுவாக நகர்ந்தது. மகள் இங்கிலாந்தில் எந்த இலாகா என்று தலைவர் கேட்டார். ஊழிய இலாகா என்றார் இவர். தலைவர் தலையாட்டினார். அதன்பின் தம்பிராஜா மகளின் கடிதங்களைக் கொஞ்சம் ஏற்ற இறக்கத்தோடு வாசிக்கத் தொடங்கினார். பதில் மட்டும் போடவில்லை. மகளுக்கு எழுதுவது இறங்கிப்போவது. மேலதிகாரிக்கு எழுதுவது முறை. ஆகவே ஸ்காட்லாந்துத் தலைவருக்கு ஒரு நன்றிக் கடிதம் அனுப்பினார், அலுவலகப் பாணியில், பார்வை எண்ணோடு.

அக்டோபரில் தலைவரிடமிருந்து இரண்டாவது கடிதம் வந்தது. சாரதாம்பாளின் சேவை டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதியோடு நிறைவு பெறுகிறது. அவருடைய உழைப்பைச் சபை மிகவும் பாராட்டுகிறது. நன்றியோடு அவரை வீட்டுக்கு அனுப்பிவைக்கிறது.

தம்பிராஜா இதை மூன்று முறை வாசித்தார்.  இப்படிப்பட்ட கடிதம் அவருக்குப் புதிதல்ல. போன வருஷம் மதகுக் காவலாளிகள் மூன்று பேருக்கு அவரே தட்டச்சு செய்திருந்தார். உங்கள் உழைப்பை இலாகா பாராட்டுகிறது என்று முதல் வரி. முப்பத்தொன்றாம் தேதிக்கு மேல் வர வேண்டாம் என்று இரண்டாவது வரி. அரசாங்கம் நன்றி சொன்னால் வேலை போயிற்று. இருபத்தேழு வருஷத்தில் அதற்கு ஒரு விதிவிலக்கை அவர் பார்த்ததில்லை. இரண்டு வருஷம் என்று மகள் முதலிலேயே எழுதியிருந்தது நினைவில் இருந்தது. அதனால் என்ன? தற்காலிக நியமனம் எல்லாமே இரண்டு வருஷம்தான். நல்ல ஆளென்றால் நீட்டிப்பார்கள். நீட்டிக்கவில்லை. இருபத்துநான்கு வயதில், பென்ஷன் இல்லாமல், குற்றச்சாட்டு இல்லாமல், விளக்கம் கேட்காமல் நீக்கிவிட்டார்கள்.

சுவரில் சட்டகம் தொங்கியது. அதே கையெழுத்து. சொக்கப்பனுக்கு என்ன சொல்வது?

பூங்காவனத்திடம் அவர் சொல்லவில்லை. பெற்ற வயிறு தாங்காது என்று நினைத்தார். சமையலறை மேசையில் உட்கார்ந்து மேல்முறையீடு எழுதினார். மூன்று மாலைகள் ஆயின. எட்டுப் பத்திகள், ஒவ்வொன்றுக்கும் எண். பள்ளிக்கூடத்தில் ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை என்பது இரண்டாவது பத்தி. ஏதேனும் குறை இருந்தால் எச்சரிக்கை கொடுத்திருக்கலாம் என்பது நான்கு. தலைவர் தம் கையெழுத்திட்டு மார்ச்சில் அனுப்பிய பாராட்டுக்கும் இப்போதைய முடிவுக்கும் பொருத்தம் தெரியவில்லை என்பது ஐந்து, நகல் இணைக்கப்பட்டுள்ளது. குடும்பச் சூழ்நிலைக்கு ஆறாவது பத்தி. நீட்டிப்பு கேட்கிறவர்கள் அதை எழுதியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மனு திரும்பி வரும். தகப்பன் உத்தியோகத்தில் இருக்கிறான். தாயார் நல்ல உடல்நலத்தோடு இருக்கிறார். மகள் வீட்டில் இருந்தாக வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

இதை எழுதும்போது பூங்காவனம் அவருக்குப் பின்னால் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இப்போதெல்லாம் நின்று எதுவும் செய்வதில்லை. அதை அவர் கவனித்திருந்தார். வயது என்று நினைத்தார்.

"சாரதாவுக்கா எழுதுறீங்க?"

"அவளோட மேலதிகாரிக்கு."

"சீக்கிரம் அனுப்பச் சொல்லி எழுதுங்க."

"ம்," என்றார் தம்பிராஜா. ஆறாவது பத்திக்கு முற்றுப்புள்ளி வைத்தார்.

அலுவலகத்தில் மத்தியான இடைவேளையில் தட்டச்சு செய்தார். தாள் சொந்தத் தாள். மலாய்க்கார அதிகாரி எட்டிப் பார்த்து, என்ன விஷயம் அங்கிள் என்று கேட்டார். மகளுடைய சேவை நீட்டிப்பு என்றார். அதிகாரி எட்டாவது பத்தியில் ஓர் எழுத்துப் பிழையைச் சுட்டிக் காட்டினார். தம்பிராஜா முழுப் பக்கத்தையும் மறுபடி அடித்தார்.

டிசம்பர் பதினெட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, இரண்டு கடிதங்கள் ஒன்றாக வந்தன. ஒன்று தலைவருடையது. அன்று விடுப்பில் இருந்த தம்பிராஜா அதைத் தபால்காரன் முன்னாலேயே பிரித்தார். படித்து முடித்ததும் சட்டை மாட்டிக்கொண்டு பேருந்து பிடித்து ஜாலான் பெண்டஹாராவுக்குப் போனார். படக்கடையில் அதற்குச் சட்டகம் போட்டார். சொக்கப்பனின் துணிக்கடை வழியாகத் திரும்பினார். அது சுற்று வழி. வீட்டுக்கு வந்து சுத்தியலைத் தேடினார்.

"பூங்காவனம், வந்து இதப் பிடி."

அவள் மெதுவாக வந்தாள். மகளின் கடிதம் பிரிக்காமல் மேசைமேல் இருந்தது. முதலில் அதை வாசிக்கச் சொன்னாள். கப்பல் எந்தத் தேதி என்று அதில் இருக்கும் என்று நினைத்தாள்.

தம்பிராஜா சுத்தியலைக் கீழே வைக்காமல் வாசித்தார். சாரதா எழுதியிருந்தாள்: அப்பா, தலைவர் என்னைக் கூப்பிட்டு உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினார். அவர் குரல் உடைந்துவிட்டது. சபைக்கு வெளியே இருக்கும் ஒரு தகப்பனார், மகளை இன்னும் கொஞ்ச காலம் தேவனுடைய வேலையில் வைத்துக்கொள்ளும்படி கெஞ்சி எழுதியதை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லையாம். இரண்டு வருஷமாக நீங்கள் எனக்கு ஒரு வரி எழுதவில்லை. நான் உங்களுக்குச் செத்தவள் என்று நினைத்திருந்தேன். அம்மாவைப் பார்க்கக் கப்பலுக்கு எழுதிப் போட்டிருந்தேன். அம்மா நல்ல சுகத்தோடு இருப்பதாக நீங்களே எழுதியதால் மனம் நிம்மதியாயிற்று. டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இன்னும் ஆறு மாசம், உங்கள் பொருட்டு, சந்தோஷமாகச் செய்கிறேன். இங்கே முழங்கால் அளவு பனி.

வாசித்துக்கொண்டு போகையில் அவர் குரல் தானாகவே பழைய டெண்டர் குரலுக்குத் திரும்பியிருந்தது.

"மாசியில வரலயா?" என்றாள் பூங்காவனம்.

"ஆடி ஆயிடும். ஆறு மாசம் நீட்டிச்சிருக்காங்க. நீக்கிட்டாங்க, ஒனக்குத் தெரியாது. நான்தான் அப்பீல் போட்டு நிறுத்தினேன்."

"யாரு நீக்கினா? ரெண்டு வருசம்னுதானே போனா."

இதற்கு அவரிடம் எட்டுப் பத்தி இருந்தது. சட்டகத்தை அவளிடம் நீட்டினார். பூங்காவனம் சட்டகத்தை வாங்கினாள். பிடித்து நிற்கவில்லை. சுவரோடு சாய்த்துத் தரையில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"எனக்கு அடி எறங்கி ஒன்னே முக்கா வருசமாவுது," என்றாள், தமிழில். "துணி கட்டிக்கிட்டு நடக்கிறேன். அவ வந்தா காட்டலாம்னு இருந்தேன்."

தம்பிராஜா சுத்தியலைப் பார்த்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா? ஓரத்துல கையெழுத்துப் போட்டுக் கோத்து வைப்பீங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. ஒரு வேலை முறையைச் சொல்வதுபோல் சொன்னாள்.

மறுநாள் புதன்கிழமை. காலை ஏழு மணிக்குக் காமாச்சி பீபி மூன்று சக்கர மிதிவண்டியான திரிஷாவோடு வந்தார். பூங்காவனம் சேலையை மாற்றிக்கொண்டு ஏறினாள். திரிஷா திரும்பும்போது குலுங்கியது. "பெலான், பெலான்," என்று பீபி ஓட்டுகிறவரை அதட்டினார். அவர் மெதுவாக ஓட்டினார். தம்பிராஜா பசியாறவில்லை. வழக்கமான நேரத்துக்கு அலுவலகத்துக்குப் போனார்.

பெரிய ஆஸ்பத்திரியில் பூங்காவனத்துக்கு நாற்பத்தொன்றாம் எண் அட்டை கிடைத்தது. பத்தரை மணிக்குக் கூப்பிட்டார்கள். பார்த்தவர் ஒரு பெண் டாக்டர், சீனப் பெண்மணி. போன வருஷமே வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும் என்று மலாயில் சொன்னார். அறுவை சிகிச்சைக்கு ஜனவரி இரண்டாம் வாரம் தேதி கொடுத்தார்கள். புருஷன் கையெழுத்து வேண்டும் என்றார்கள். பீபி அலுவலகத்துக்கு ஆள் அனுப்பினார்.

தம்பிராஜா மத்தியானம் ஒரு மணிக்கு வந்தார். படிவத்தை இரண்டு பக்கமும் வாசித்தார். கையெழுத்திட்டார். நகல் உண்டா என்று கேட்டார். இல்லை என்றார்கள்.

நான்கரைக்கு அஞ்சலகத்தில் ஓர் ஏர் லெட்டர் வாங்கினார். வீட்டில் சட்டகம் சுவரோடு சாய்ந்தபடி இருந்தது. அதை எடுத்து அலமாரிக்கு மேல் படுக்க வைத்தார். மேசையில் உட்கார்ந்து மகளின் முகவரியை எழுதினார். பூங்காவனம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என்ன எழுத வேண்டும் என்று சொன்னாள். சொன்னதை எழுதினார். எண் போடவில்லை. சாப்பாட்டுக்குப் பீபி வீட்டிலிருந்து மீன் குழம்பு வந்தது.